‘வாங்க’ என்றீர்களே, அப்பா

என் அன்பு அப்பாவுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். கைக்குழந்தை இப்போதுதான் கண் மூடினான். பெரியவள் ஜெனி என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே தூங்கிவிட்டாள், எழுந்து நகர வழியில்லை. ஊர் அடங்கின பிறகு ஒரு மனிதரைத் தட்டி எழுப்பிப் பேசுவது மரியாதை இல்லைதான். ஆனால் மரியாதையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் இரண்டாம் ஆண்டு நினைவு நாளுக்கு, பாலக்கோட்டில் நம் பங்குக் கோயிலின் மாத இதழில் ஒரு பக்கம் விட்டிருக்கிறார்களாம். உபதேசியார் என்னைத் தேடித் தர்மபுரிக்கே வந்துவிட்டார். “காலேஜ் படிச்ச பொண்ணு, நீயே எழுதிக் குடும்மா. தலைப்பு நாங்களே வெச்சுட்டோம், ‘மரியாதையின் மறுவடிவம்’. சின்னக் கொழந்தையக்கூட வாங்க போங்கன்னு கூப்புட்ட மனுசன், அத மறந்துடாம போடு” என்றார். காபியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் கேட்டதை எழுதப்போவதில்லை. இதைத்தான் எழுதித் தரப்போகிறேன். போட்டால் போடட்டும்.

மரியாதையின் மறுவடிவமாம்! உங்களை அறிந்தவர்கள் யாராவது இப்படி ஒரு வார்த்தையைக் கூசாமல் சொல்வார்களா அப்பா? தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிறவர் நீங்கள். விடியற்காலையில் நீங்கள் தொண்டையைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். “ஏன்டா முனியா, மேல பழம், கீழ கல்லா? கூடையக் கவுத்துக் காட்டட்டுமாடா?” என்று கத்துவீர்கள். திட்டு வாங்கின முனியன் சிரித்துக்கொண்டே மறுநாளும் உங்களிடம்தான் கூடையை இறக்குவான். பங்குச் சாமியாருக்கும் போலீஸ்காரருக்கும் தவிர வேறு யாருக்கும் நீங்கள் ‘ங்க’ போட்டதில்லை. அம்மா உங்களுக்கு ‘இந்தா’. நான் ‘அடியே எருமை’. பி.எஸ்ஸி. முடித்து வந்தபோது, “பட்டம் வாங்கின எருமை வந்துட்டுதுடி” என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அதைவிட எனக்கு யாரும் பெருமை செய்ததில்லை.

ஜெனிக்கு ஒரு வயது நிறைவதற்குள் அது ஆரம்பித்தது. அவளைத் தூக்கிக்கொண்டு நான் வாசலில் வந்து நிற்கிறேன். நீங்கள் எழுந்து, “வாங்க, பிரயாணமெல்லாம் சௌரியங்களா?” என்றீர்கள். என் வீட்டுக்காரர் பின்னால் வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

“ஏம்ப்பா, யாரச் சொல்றீங்க?” என்றேன்.

“உங்களத்தானுங்க. உள்ள வாங்க, உக்காருங்க.”

எனக்கு என்னவோ பிடிக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். “ஆமாடி, பொண்ணு தாயாயிட்டா, மருவாதி குடுக்கறாரு. அதுலயும் ஒனக்கு ஒரு குத்தமா?” என்று என் வாயை அடைத்தாள்.

நம் பக்கத்தில் பால்குடி மாறாத குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு, சாப்டுங்க’ என்று கூப்பிட்டு மரியாதை பழக்குகிறவர்கள் உண்டு அல்லவா? அதனால் வேறு ஊராக இருந்தால் திடுக்கிட்டுப் பார்த்திருப்பார்கள், இங்கே கைதட்டினார்கள். மண்டியில் மூட்டை தூக்குகிறவனுக்கு ‘ங்க’. முனியனுக்கு ‘ங்க’. வீட்டுக்குள் நுழைந்த நாய்க்கு, “வெளிய போங்க” என்றீர்கள். பக்கத்து வீட்டு ஜனமெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “சவரிமுத்து பக்குவப்பட்டுட்டாருய்யா” என்று பெரிய மனிதர்கள் சொன்னார்கள். பக்குவத்தைக் கண்டார்கள், பாருங்கள்!

பெயர் நினைவில்லாதவரிடம், உறவு தெரியாதவரிடம், பெரியவரா சின்னவரா என்று புரியாதவரிடம் ‘வாங்க’ என்றால் தப்பே வராது. அந்த ‘ங்க’வுக்குப் பின்னால் நீங்கள் ஒளிந்துகொண்டிருந்தீர்கள். எத்தனை பயத்தோடு ஒளிந்தீர்களோ, யாருக்குத் தெரியும்?

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் வந்தார், ஞாபகமிருக்கிறதா? இப்படிக் கேட்பதே அபத்தம். வயதானவர்களின் மறதியை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ஆராய்ச்சியாம். கோயில் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு முகாம் நடத்தினார்கள். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், சட்டை கசங்காமல் இருந்தது. நான் உங்களை வம்படியாக இழுத்துக்கொண்டு போனேன்.

உங்களுக்கு முன்னால் சித்தேரி மலையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஆயா. “இன்னிக்கு என்ன தேதி பாட்டி?” என்றார் டாக்டர். “தேதி வெச்சா ராகி அறுக்கறோம்?” என்றாள் ஆயா. “சரி, நாட்டோட பிரதமர் யாரு?” “எவனா இருந்தா எனுக்கு என்ன சாமி? அவனுக்கு நா யாருன்னு தெரியுமா?” பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. ஆயாவுக்கு மறதி நோயின் அறிகுறி இருக்கலாம் என்று மகளிடம் சொல்லி அனுப்பினார். அவள் படியிறங்கும்போதே, “ஏண்டி, பஸ்ஸுக்குக் குடுத்த மிச்சச் சில்லற எங்க?” என்று மகளை அதட்டிக்கொண்டு போனாள்.

பிறகு நீங்கள். பிரதமர் பெயரைக் கணீரென்று சொன்னீர்கள். சுவரில் தொங்கின காலண்டரை ஓரக்கண்ணால் பார்த்துத் தேதியைச் சொன்னீர்கள். நான் கவனித்தேன், அவர் கவனிக்கவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதும், முதுகு நிமிர்ந்து, “தொண்ணூத்தி மூணு! எம்பத்தாறு! எழுவத்தொம்பது!” என்று ஏலம் கூவ ஆரம்பித்துவிட்டீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தன. டாக்டர் மலைத்துப்போனார். “நீங்க எந்த ஊருங்க? சாப்டீங்களா?” என்று அவரை வேறு விசாரித்தீர்கள்.

“உங்கப்பாவுக்கு ஒண்ணுமே இல்லம்மா. என்ன மரியாதை, என்ன கணக்கு! என்னைவிட நல்லா இருக்கார்” என்றார்.

“சார், அவரு யாரையுமே இப்படிப் பேசமாட்டாரு. எங்களையெல்லாம் வாடி போடின்னுதான்...”

“மரியாதையாப் பேசறது ஒரு கம்ப்ளெயிண்டா?” என்று கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தேதி தெரியாத தெளிவுக்கு நோய், தெளிவில்லாத கூவலுக்கு ஆரோக்கியம். இதைத்தான் ஆராய்ச்சி என்று மெட்ராஸில் போய்ச் சொல்லியிருப்பார். ஏலம் கூவுவதற்கு மூளை வேண்டியதில்லை, தொண்டைக்கே கணக்குத் தெரியும் என்பது அவருடைய கல்லூரியில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

திரும்பி வரும்போது பாதி வழியில் நின்றீர்கள். என் முகத்தை உற்றுப் பார்த்தீர்கள். உங்கள் குரல் அத்தனை மென்மையாக இருந்து நான் கேட்டதே இல்லை. “இவ்வளவு தூரம் எனக்காக அலையறீங்களே, நீங்க எந்த வூட்டுப் பொண்ணுங்க?”

என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. ஏதோ சொல்லியிருப்பேன். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதி என்ன? சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியரானார்கள். ஒருவர் மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்தார், ஒருவர் பேய்க் காற்றின் சேட்டை என்றார், ஒருவர் நான் படித்த படிப்புதான் வீட்டுக்கு ஆகவில்லை என்றார். அறையில் வைத்துப் பூட்டினால் ஊருக்குத் தெரியாது என்று சொன்ன புத்திசாலியும் அவர்களில் உண்டு. பூட்டினார்கள் அப்பா. உள்ளேயிருந்து நீங்கள், “கதவத் தொறங்க, ஐயா, கொஞ்சம் தொறங்க” என்று யாரிடமோ கெஞ்சினீர்கள். அடக்கத்தன்று அதே ஆட்கள், “கடைசிவரைக்கும் மருவாதி தவறாத மனுசன்” என்று மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அவர்களைப் பார்த்ததில் உலர்ந்துவிட்டது.

இப்போது எனக்கு அதன் பெயர் தெரியும். வேலூரில் நர்ஸாக இருக்கிற என் கல்லூரித் தோழி ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் பக்கங்களைக் கிழித்து அனுப்பினாள். அல்ஸைமர் என்கிறார்கள். மூளைக்குள் ஏதோ படிந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கிறதாம். மருந்து கிடையாது. இதுதான் என்று உறுதியாகச் சொல்வதற்கு, செத்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்தால்தான் உண்டாம். வெளிநாடுகளில் ரத்தத்திலும் ஸ்கேன் படத்திலும் முன்கூட்டியே அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். ரத்தத்தில் தேடுகிறார்கள், ஸ்கேனில் தேடுகிறார்கள். பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து, ‘உங்களை எப்படிக் கூப்பிடுவார், இப்போது எப்படிக் கூப்பிடுகிறார்’ என்று எவராவது கேட்கிறார்களா என்று அந்தப் பக்கங்களில் தேடினேன். இல்லை.

சரி, எதற்கு இன்று இதையெல்லாம் சொல்கிறேன் என்கிறீர்களா? உங்கள் தம்பி விஷயம் அப்பா. அருளப்பன் சித்தப்பா விஷயம்.

போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலிருந்தே, “எங்கடி எலிக்குஞ்சு?” என்று கத்துவார், ஜெனி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள். அன்றும் ஓடினாள். அவர் குனிந்து, “வாங்க, நல்லாருக்கீங்களா?” என்றார்.

ஜெனி காலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “அம்மா, தாத்தா ஏன் என்ன வாங்கன்னு சொல்றாரு?”

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜெனியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

சித்தப்பா இன்னும் சித்தேரி மலை பஸ்தான் ஓட்டுகிறார். அந்த வளைவுகள் உங்களுக்குத் தெரியும். சந்தை நாளில் உள்ளே நிற்க இடமிருக்காது, மடியில் குழந்தையோடு என்னைப் போல எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

லூர்து சித்தியிடம் போனேன். சித்தியின் முகத்தில் கல்யாணப் பெண்ணுக்குரிய களை. “முப்பது வருசமா ‘ஏய்’ தவிர ஒரு பேரு கெடையாது எனுக்கு. இப்பத்தான், ‘ஏனுங்க, தண்ணி குடுக்கறீங்களா’ங்கறாரு. இப்பத்தான்டி மருவாதி வந்திருக்குது, அதையும் வந்து கெடுக்காத” என்றார். நான் உங்களைப் பற்றிச் சொன்னேன். “ஒங்கப்பனுக்கு வந்தா இவருக்கும் வரணுமா? பைத்தியம்னு பேரு கட்டி வுட்டுட்டுப் போயிடாத, தாயே” என்று எழுந்து உள்ளே போய்விட்டார். சித்தியின் மேல் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

இங்கே ஊரில் பெரிய டாக்டர் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடமும் போனேன். கண் பரிசோதித்து, பிரஷர் பார்த்து, சித்தப்பாவுக்கு வண்டி ஓட்டத் தகுதி என்று எழுதிக் கொடுத்தவரே அவர்தான். “வயசானா மனுஷனுக்கு அடக்கம் வரக்கூடாதாம்மா?” என்றார். நான் விடவில்லை. அல்ஸைமர் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, “பத்திரிகை படிக்கறீங்களா? சரி, இருக்குன்னே வெச்சுக்குவோம். மருந்தே இல்லாத நோய முன்னாடியே தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறீங்க?” என்றார்.

“பஸ்ஸ விட்டு எறக்குவோம் சார்” என்றேன்.

இரண்டு விரலால் மணியை அடித்தார். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். அந்த மணியை அடிக்கத்தான் அவர் படித்திருக்கிறார்.

மறதியில் சிலவற்றுக்கு மருந்து உண்டு அப்பா. தைராய்டு கோளாறாலும் சத்துக்குறைவாலும்கூட இப்படி ஆகுமாம், சீக்கிரம் பார்த்தால் திருப்பிவிடலாமாம். உங்களுக்கு எது என்று யாருமே பார்க்கவில்லை. ஒருவேளை உங்களுடையது திருப்பக்கூடியதாக இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை நான் தினமும் அடுப்பில் வைத்து இறக்குகிறேன்.

போன வியாழக்கிழமை, குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானே அந்த பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். கையில் ஒரு தப்பில்லை. கியர் மாற்றுவதும் ஹாரன் அடிப்பதும் உங்கள் ஏலம் மாதிரிதான், கைக்கே தெரிந்திருந்தது. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஒரு தப்பும் செய்யாத மனிதரைச் சந்தேகப்படுகிறோமே என்று.

மலைக்குப் பாதை பிரிகிற இடத்தில் வண்டி நின்றது. அங்கே ஸ்டாப்பு இல்லை. சித்தப்பா திரும்பாமலே, “எந்தப் பக்கங்க?” என்றார்.

பின்னாலிருந்து கண்டக்டர் ராஜு, “சோத்தாங்கைப் பக்கம்ணே, ரைட்டு!” என்றார். எதுவும் நடக்காதது மாதிரி வண்டி வலப்பக்கம் திரும்பியது.

மேலே இறங்கினதும் ராஜுவைத் தனியாகக் கேட்டேன். “ரெண்டு மாசமா நாந்தாங்கக்கா சொல்றேன். மொதல்ல தமாசு பண்றாருன்னு நெனச்சேன். இப்பல்லாம் எனக்கே மருவாதி குடுக்கறாருங்கக்கா. அண்ணன் கொணம் மாறிப்போச்சு. நல்லதுதானுங்களே?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே கத்தியிருப்பேன். ஆனால் இத்தனை பேரையும் இதுவரை பத்திரமாக ஏற்றி இறக்கியது ராஜுவின் அந்த ‘ரைட்டு’தான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

யாருமே செய்யாத ஒன்றைச் செய்தேன் அப்பா. சித்தப்பாவிடமே கேட்டேன். திரும்புகிற ட்ரிப்புக்கு முன்னால் வண்டி நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். “சித்தப்பா, எம்பேரு என்ன?” என்றேன்.

சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலிருந்து இறங்கிப் போயிற்று. “பேரு இல்லாட்டி என்னங்க, நீங்க நம்ம ஜனந்தானுங்களே” என்றார். பீடியைக் கீழே போட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே, “எங்கண்ணனுக்கு வந்துதே, அதானுங்களா?” என்றார்.

அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் முன்னால் அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் அப்படித் தெரிந்திருந்ததா அப்பா? நாய்க்கு ‘போங்க’ என்று சொல்லி ஊரெல்லாம் சிரித்தபோது, நீங்களும் சேர்ந்து சிரித்தீர்களே, அது எந்தச் சிரிப்பு?

இன்று சாயங்காலம் அவராகவே வந்தார். வீட்டை ஊர்ஜிதம் செய்துகொள்ள வாசலில் ரொம்ப நேரம் நின்றார். உள்ளே வந்து உட்காராமல் சொன்னார்: “நாளைக்கு மொத ட்ரிப்பு எடுக்கறதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. மொதலாளிகிட்ட எனக்குப் பேச வராதுங்க, நீங்க பேசுங்க. படிச்சவங்க.” வாசற்படி இறங்கினவர் திரும்பினார். “காலைல நா மறந்துட்டு, அப்படியெல்லாம் நா சொல்லவே இல்லன்னு ஒங்கள வையுவேன். நம்பாதீங்க. சாவியப் புடுங்கிக்கங்க.”

பிறகு, “எங்கண்ணன ஒளிச்சு வெச்சே கொன்னுட்டோமுங்க. என்னைய ஒளிக்காதீங்க. எழுதறதுன்னாலும் எழுதுங்க” என்றார். அதனால்தான் இதை இதழுக்குக் கொடுக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சம்மதமில்லை. “பஸ் முதலாளி நம்மள என்ன நெனைப்பாரு? நாலு பேரு முன்னால சித்தப்பாகிட்ட சாவியப் புடுங்குவியா? மருவாதியா இருக்குமா?” என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார். மரியாதை! இந்த ஊரில் அந்த வார்த்தையைக் கொஞ்ச நாளைக்கு யாரும் உபயோகிக்கக் கூடாது என்று தண்டோரா போட வேண்டும்.

எனக்குப் பயம் இல்லாமலில்லை. நாளை எல்லோர் எதிரிலும் அவர் என்னைத் திட்டுவார், நான் பிடுங்குவேன், சித்தி என் முகத்தில் விழிக்கமாட்டார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. உங்கள் ரத்தம்தான் என் உடம்பிலும். ஜெனியை நான் ‘வாடி, போடி’ என்று கூப்பிடுவது மாமியாருக்குப் பிடிக்காது, பிள்ளைக்கு மரியாதை பழக்கவில்லை என்பார். பழக்கமாட்டேன். அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: “அம்மா ஒன்ன என்னிக்காவது ‘வாங்க’ன்னு கூப்ட்டா, சிரிக்காதடி. ஓடிப்போய் யாருகிட்டயாவது சொல்லு.” என்ன விளையாட்டு என்று கேட்டாள். விளையாட்டுதான் என்றேன். என் வீட்டு ஆராய்ச்சி இவ்வளவுதான், இதற்கு மெட்ராஸ் டாக்டர் தேவையில்லை.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. விடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். சாவியை வாங்குவேன். வேலூருக்குக் கூட்டிப்போய், திருப்பக்கூடியதா என்று பார்க்கச் சொல்வேன். திருப்ப முடியாது என்றால், சித்தப்பாவின் கதவு பூட்டப்படாது. அவர் யாரை ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டாலும், கூப்பிடப்பட்டவர் தன் பெயரை அவரிடம் சொல்ல வேண்டும், எத்தனை தடவையானாலும்.

நீங்கள் எனக்குச் சீக்கிரம் ஒரு பதில் போடுங்கள். இரண்டு வரி போதும். ஒரே ஒரு இடத்தில்கூட ‘ங்க’ வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்,
பட்டம் வாங்கின எருமை